78 சதவீதம் சார்ஜ், ஆனால் கதவு திறக்கவில்லை

மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூருவில் மூன்று வாரம் இருந்துவிட்டு திண்டுக்கல் வந்து சேர்ந்தபோது இரவு பதினொன்று. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பழனியில் ஒரு முகூர்த்தம். நாலரைக்குப் பட்டுப்புடவையோடு ஷெட்டுக்குப் போய் ரிமோட்டை அழுத்தினால் கார் ஜடம் மாதிரி நிற்கிறது. விளக்கு இல்லை, சத்தம் இல்லை, கதவும் திறக்கவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது 78 சதவீதம் சார்ஜோடு விட்டுப்போன எலக்ட்ரிக் கார்.

சார்ஜர் கன்னைச் செருகிப் பார்த்தேன். அதற்கும் அசையவில்லை. உதவி எண்ணை அழைத்தால், “மெயின் பேட்டரி போயிருக்கும் மேடம், வண்டியை ஏற்றித்தான் கொண்டுபோகணும், ஆள் வரப் பத்து மணி ஆகும்” என்றார்கள். அடிவயிறு கலங்கியது. மெயின் பேட்டரி என்றால் காரின் விலையில் பெரும்பங்கு அல்லவா?

கடைசியில் போயிருந்தது பானட்டுக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. அதை எழுப்பிவிட்டது எதிர்வீட்டு அண்ணனின் ஆட்டோ பேட்டரி.

இருபத்தெட்டு வருடம் பள்ளியில் இயற்பியல் எடுத்தவள் நான். ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், எப்படி வேலை செய்கிறது என்று எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்திருப்பேன்! அந்தக் காலையில் எனக்கே அது உறைக்கவில்லை. விஷயம் இதுதான். தரைக்கடியில் இருக்கும் பெரிய பேட்டரி சில நூறு வோல்ட். வண்டி அணைந்திருக்கும்போது பாதுகாப்புக்காக அதைத் துண்டித்தே வைத்திருப்பார்கள். நடுவில் கான்டாக்டர் என்று பெரிய ரிலேக்கள். அவை ஒட்டினால்தான் பெரிய பேட்டரியின் மின்சாரம் வெளியே வரும். அவற்றை ஒட்டவைப்பது 12 வோல்ட். கதவுப் பூட்டு, திரை, வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள், சார்ஜ் ஏற்றச் சொல்லும் மூளை எல்லாமே இந்தச் சின்ன பேட்டரியை நம்பித்தான் கண் விழிக்கின்றன. நெல் நிறைந்த குதிர் இருந்தும் சாவி தொலைந்த கதை.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பெட்ரோல் காரில் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். இங்கே சுழற்ற எதுவும் இல்லை. கம்ப்யூட்டர்களை எழுப்பிக் கான்டாக்டரை ஒட்டவைத்தால் போதும், அதற்கு அவ்வளவு ஆம்பியர் தேவையில்லை. அதனால் ஆட்டோ பேட்டரி, சார்ஜ் உள்ள பைக் பேட்டரி, கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் எதுவானாலும் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

முதலில் உள்ளே போக வேண்டும். ரிமோட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தானை நகர்த்தினால் உள்ளிருந்து இரும்புச் சாவி ஒன்று வரும். சாவித்துவாரம் ஓட்டுநர் கதவின் கைப்பிடியிலேயே இருக்கும், பல வண்டிகளில் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இதை இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள். அதிகாலை இருட்டில், செல்போன் வெளிச்சத்தில், புத்தம்புது வண்டியின் மூடியைக் கத்தியால் நெம்புவது எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும். பானட்டைத் திறக்கும் நெம்புகோல் பெரும்பாலும் கம்பியால் இழுப்பது, மின்சாரம் கேட்காது.

வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கல்யாணத்துக்குக் கிளம்பியவள் என்பதால் என் கையில் ஆறு வளையல். 12 வோல்ட் ஆளுக்கு ஷாக் அடிக்காது. ஆனால் தங்க வளையல் இரண்டு முனைகளையும் ஒருசேரத் தொட்டுவிட்டால் அடுத்த நொடி பழுக்கக் காய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம், ஆரஞ்சு நிறக் கேபிள் எங்கே தெரிந்தாலும் கையை அங்கே கொண்டுபோகாதீர்கள். அது உயர் மின்னழுத்தம். நமக்கு அங்கே வேலையே இல்லை.

அண்ணன் ஸ்டேஷன் சவாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “இம்புட்டுப் பெரிய காருக்கு என் ஆட்டோ பேட்டரியா டீச்சர்?” என்று சிரித்தவர், பேட்டரியைக் கழற்றிக் கையோடு தூக்கி வந்துவிட்டார். ஜம்பர் கேபிளும் அவருடையதுதான்.

கேபிள் மாட்டும் வரிசை முக்கியம். சிவப்புக் கேபிளின் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பில் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், அதிலிருந்து தள்ளி, வண்டியின் இரும்பு உடம்பில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலோ, அதற்கென விட்டிருக்கும் எர்த் முனையிலோ மாட்டுங்கள். அந்தக் கடைசி இணைப்பில்தான் சின்னப் பொறி பறக்கும். ஈய அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும் என்பதால் பொறி அதன் தலைமேல் பறக்கக் கூடாது. பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் ஃபியூஸோடு நிற்காது, பெரிய பேட்டரியிலிருந்து சின்னதற்கு மின்சாரம் ஊட்டும் விலையுயர்ந்த கன்வர்ட்டருக்கும் ஆபத்து. எனவே மாட்டும் முன் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல இன்னொருவர் பார்க்கட்டும்.

ஹாரன் அலறினால் பயப்பட வேண்டாம். இரும்புச் சாவியால் திறந்ததைத் திருட்டு என்று வண்டி நினைத்துக்கொள்கிறது. ரிமோட்டில் அன்லாக் அழுத்தினால் அடங்கும். எங்கள் தெருவே எழுந்துவிட்டது, அது வேறு கதை. இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, ஏசி, விளக்கு எல்லாம் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பொத்தானை அழுத்துங்கள். திரை எரிந்தால் மட்டும் போதாது, ‘ரெடி’ விளக்கு வர வேண்டும். வந்துவிட்டால் மாட்டிய வரிசைக்குத் தலைகீழாகக் கேபிள்களைக் கழற்றலாம்.

இப்போது வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர். முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைப்பது போதும். ரெடியில் இருக்கும்போது சின்ன பேட்டரியின் முனைகளில் 13.5 வோல்ட்டுக்கு மேல், 14.5-க்குள் காட்டினால் அந்தக் கன்வர்ட்டர் (டிசி-டிசி கன்வர்ட்டர் என்பார்கள்) வேலை செய்கிறது என்று அர்த்தம். பெட்ரோல் காரின் ஆல்டர்னேட்டர் செய்யும் வேலையை இங்கே செய்வது அதுதான், பெரிய பேட்டரியிலிருந்து எடுத்துச் சின்னதற்கு ஊட்டும். ரெடி வந்தும் 12-ஐச் சுற்றியே நின்றால் ஓட்டாதீர்கள், சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள். ஏற்றிக்கொண்டு போக வருபவர்களிடம், காரின் நான்கு சக்கரமும் தரையில் படாமல் மேலே ஏற்றிக்கொண்டுபோகும் வண்டியைக் கேளுங்கள். மோட்டாரோடு இணைந்த சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் ஜெனரேட்டராகி வம்பு செய்யும். எனக்கு 14.2 காட்டியது. கிளம்பிவிட்டேன். தாலி கட்டியதைப் பார்க்கவில்லை, பந்திக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன்.

வண்டி ஓடிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. பேட்டரி வடிந்ததா, செத்ததா என்பது மறுநாள் காலையில்தான் தெரியும். பானட்டைத் திறந்து, வண்டி மறுபடி தூங்கக் கால் மணி நேரம் விட்டு அளந்து பாருங்கள். 12.6-ஐ ஒட்டியிருந்தால் நிறைவு. 12.2 என்றால் பாதி. எனக்கு 11.8 காட்டியது. வெளியே ஒரு சார்ஜரில் இரவு முழுக்க ஏற்றியும் அடுத்த நாள் அதே கதை. ஈய அமில பேட்டரியை வெறும் வயிற்றோடு நாள்கணக்கில் போட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும், பிறகு தேறாது.

வடியவிட்டது நான்தான். டேஷ் கேமராவை ‘பார்க்கிங்கிலும் பதிவாகட்டும்’ என்று நேரடியாகப் பேட்டரியில் இணைக்கச் சொன்னேன். 3 வாட் கேமரா, அதாவது கால் ஆம்பியர். ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு நாள்கூடத் தாங்காது. இது போதாதென்று, பேத்தி தூங்கும் நேரமெல்லாம் மொபைல் ஆப்பைத் திறந்து காரைப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் அங்கே ஷெட்டில் தூங்கும் கார் விழித்து எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாவது வாரம், “பாருங்க, 78-லிருந்து ஒன்றுகூட இறங்கலை” என்று மருமகனிடம் பெருமை பேசினேன். எப்படி இறங்கும்? கார் அதற்குள் மூச்சை விட்டிருந்தது. ஆப் காட்டியது பழைய எண்.

புதிதாக வாங்கும்போது ஆம்பியர்-மணி, நீள அகலம், பிளஸ் எந்தப் பக்கம் என்ற மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள், கடையில் ஆறு மாதம் கிடந்த சரக்கு வேண்டாம். பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். மாற்றுவது பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேலைதான். வண்டியை அணைத்து, சார்ஜர் கன்னை எடுத்து, பத்து நிமிடம் விட்டு, மைனஸை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில். சில வண்டிகளில் சின்ன பேட்டரியே லித்தியம் வகை. அப்படியிருந்தால் நான் சொன்ன வோல்ட் கணக்கும் பொருந்தாது, கண்ட சார்ஜரும் ஆகாது. கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

நன்றி சொல்கிறேன் பேர்வழி என்று உங்கள் எலக்ட்ரிக் காரிலிருந்து கேபிள் போட்டு யாருடைய டீசல் வண்டியையும் ஸ்டார்ட் செய்துகொடுக்காதீர்கள். அவர்கள் ஸ்டார்ட்டர் இழுக்கும் ஆம்பியரைத் தர நம் கன்வர்ட்டர் செய்யப்படவில்லை.

அடுத்த மாதம் பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள், மறுபடி இரண்டு வாரம் பெங்களூரு. சார்ஜரில் செருகிவிட்டுப் போகலாமே என்று தம்பி கேட்டான். பல வண்டிகளில் பெரிய பேட்டரி நிறைந்ததும் கன்வர்ட்டரும் தூங்கிவிடும், அதை நம்ப முடியாது. கேமரா ஒயரைப் பிடுங்கியாகிவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை ஷெட்டைத் திறந்து, வண்டியை முக்கால் மணி நேரம் ரெடியில் வைக்க ஆட்டோ அண்ணனிடம் சாவி கொடுத்திருக்கிறேன். ஏசி போட்டு உட்கார்ந்துகொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன்.