பெருந்தொற்றுக்குப் பிறகு மறுபடியும் சொகுசுக் கப்பல் ஏறுவது எப்போது? வடசென்னைக் குடும்பங்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

சொகுசுக் கப்பல்கள் மறுபடியும் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து போகத் தொடங்கியதிலிருந்து, இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு ஓய்வதாக இல்லை. பிள்ளைகள் "நைனா, டிக்கெட் போட்டுடட்டுமா?" என்று கேட்கிறார்கள், பெரியவர்கள் "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்கிறார்கள். அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடியும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. 2020 மே, ஜூன் மாதங்களில் சென்னையிலேயே அதிகத் தொற்று பதிவான மண்டலம் இராயபுரம் என்பதால், இங்குள்ளவர்களின் தயக்கத்தைக் குறை சொல்லவும் முடியாது.

உலக சுகாதார நிறுவனம் கோவிட் தொடர்பான சர்வதேச அவசரநிலையை 2023 மே 5 அன்று விலக்கிக்கொண்டது. அவசரநிலை முடிந்தது என்பதுதான் அதன் பொருளே தவிர, கிருமி ஒழிந்துவிட்டது என்பதல்ல. ஆகவே "நோய் முழுவதும் போய்விட்டதா?" என்று கேட்டுக்கொண்டு காத்திருந்தால் விடை கிடைக்கவே கிடைக்காது. "பயணத்தின் நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் வீடு அதைத் தாங்குமா?" என்று கேட்டால் விடை கிடைக்கும். கீழே உள்ள படிகள் அந்தக் கேள்விக்கு விடை காணும் வழியைச் சொல்கின்றன. ஒரு நோட்டுப் புத்தகமும், வீட்டிலுள்ளவர்களின் மருந்துச் சீட்டுகளும், இருக்கின்ற காப்பீட்டுப் பத்திரங்களும் கையில் இருந்தால் போதும். கட்டணத்தைப் பற்றி இப்போதே பார்க்க வேண்டாம். தள்ளுபடி விலையைப் பார்த்துவிட்டால் மற்ற கேள்விகளுக்கெல்லாம் மனம் தானாகவே சாதகமான பதிலைச் சொல்லத் தொடங்கிவிடும்.

முதல் படி: கப்பலில் என்ன நடக்கக்கூடும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று நிகழ்வுகளைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, டயமண்ட் பிரின்சஸ். 2020 ஜனவரி 25 அன்று ஹாங்காங்கில் இறங்கிய ஒரு பயணிக்குத் தொற்று இருந்தது பிப்ரவரி 1 அன்று உறுதியானது. பிப்ரவரி 3 அன்று யோகோஹாமாவை அடைந்த அந்தக் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். பயணிகள் இரண்டு வாரம் தங்கள் அறைகளிலேயே அடைபட்டுக் கிடக்க, ஊழியர்களோ ஒரே அறையில் பலராகத் தங்கியபடி அவர்களுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கடைசியில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். கப்பல் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் குடும்பங்கள் நிறைந்த நம் பகுதியில் இந்தக் கணக்கு பலருக்கு உறைக்கும்.

இரண்டாவது, வெஸ்டர்டாம். அதே பிப்ரவரியில் நோய் இருக்கிறதோ என்ற சந்தேகத்தின் பேரிலேயே பிலிப்பைன்ஸ், தைவான், ஜப்பான், குவாம், தாய்லாந்து என்று ஒவ்வோர் இடமும் அதற்குக் கதவைச் சாத்த, பிப்ரவரி 13 அன்று கம்போடியாவின் சிஹனூக்வில் துறைமுகம்தான் இடம் கொடுத்தது. மூன்றாவது நம் நாட்டில் நடந்தது. 2022 ஜனவரித் தொடக்கத்தில் மும்பையிலிருந்து கோவாவுக்குச் சென்ற கப்பலில் 66 பேருக்குத் தொற்று கண்டறியப்பட்டது. சுமார் 2,000 பேருடன் அந்தக் கப்பல் கோவாவில் தடுத்து நிறுத்தப்பட்டது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கப்பல் பயணத்தில் மூன்று தனித்தனி இடர்கள் இருப்பது விளங்கும்: உங்களுக்கே நோய் வருவது, உங்களுக்கு நோய் வராமலே அறையில் அடைபடுவது, கப்பலுக்கே துறைமுகம் கிடைக்காமல் போவது. நோட்டில் இவற்றுக்கு மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் முதல் பத்தியை மட்டுமே நினைத்துக் கவலைப்படுகிறார்கள். குடும்பத்தின் பணத்தையும் விடுப்பையும் விழுங்குபவை பெரும்பாலும் மற்ற இரண்டுதான். மூன்றாவது இடருக்கு நோய்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னையில் சொகுசுக் கப்பல் சேவையைத் தொடங்கிவைத்த சில நாட்களிலேயே, அந்தக் கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை.

இரண்டாம் படி: உடல்நிலையை ஆள்வாரியாக எழுதுங்கள்

பயணம் செய்யப்போகும் ஒவ்வொருவரின் வயது, நோய், மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரக நோய், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு எதிரில் ஒரு குறியிடுங்கள். குறியுள்ளவர்கள் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் "கப்பலில் போகலாமா?" என்று பொதுவாகக் கேட்காமல், "மூன்று நாள் மருத்துவமனை எட்டாத இடத்தில் இருந்தால் என் உடல் தாங்குமா?" என்று கேளுங்கள். கேள்வி குறிப்பாக இருந்தால்தான் பதிலும் குறிப்பாக வரும்.

கப்பலில் மருத்துவரும் செவிலியரும் இருப்பார்கள். ஆனால் அங்கே இருப்பது ஒரு சிறிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நிகரான வசதி மட்டுமே. ஸ்டான்லி மருத்துவமனை ஆட்டோ தூரத்தில் இருக்கும் நமக்கு, நெஞ்சுவலி வந்தால் கரையை எட்டும்வரை காத்திருக்க வேண்டும் என்பது பழக்கமில்லாத நிலைமை. கர்ப்பிணிகள் இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பயணம் முடியும் நாளில் 24ஆம் வாரத்தில் நுழைந்துவிடுபவர்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றிக்கொள்வதில்லை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளுக்கும் பொதுவாக அனுமதி கிடையாது.

இன்ஃபுளுவென்சா தடுப்பூசி போடுவதாக இருந்தால், அது பலன் தர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால், கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கோவிட் ஊக்கத் தவணை தேவையா என்பதை அதே மருத்துவரிடம் கேட்டுவிடலாம்.

மூன்றாம் படி: வீட்டில் யார் இருப்பார்கள்?

இது ஒரே கேள்விதான். நீங்கள் குறித்த நாளில் திரும்பாமல் ஒரு வாரம் தாமதமானால், வீட்டிலிருக்கும் பாட்டிக்கு யார் மருந்து கொடுப்பது, கடையை யார் திறப்பது, பள்ளித் தேர்வை யார் பார்த்துக்கொள்வது? நம்பிக்கையோடு ஒருவர் பெயரை எழுத முடிந்தால் அடுத்த படிக்குப் போங்கள். முடியாவிட்டால், இந்த ஆண்டு வேண்டாம் என்பதுதான் விடை. இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை.

நான்காம் படி: கப்பலையும் வழியையும் தேர்ந்தெடுங்கள்

வடசென்னையில் இருப்பதன் பெரிய அனுகூலம் இந்தப் படியில்தான் வெளிப்படுகிறது. சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ பறந்துபோய்க் கப்பல் ஏறுபவர் விமானச் சீட்டு, விடுதி, விசா எல்லாவற்றையும் முன்கூட்டியே கட்டிவைக்க வேண்டும். ஒன்று தவறினால் மற்றவையும் வீணாகும். இராஜாஜி சாலையில் கப்பல் ஏறும் நமக்கு அந்தச் சுமை கிடையாது. புறப்படும் நாள் காலைவரை யோசிக்கலாம், வேண்டாமென்றால் கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறி வீடு திரும்பலாம். ஏறும் துறைமுகம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, அவ்வளவு தாமதமாக முடிவெடுக்கலாம் என்பது இந்த விளக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விதி. பெருந்தொற்றுக்குப் பிறகு முதன்முறை போகிறவர்கள் வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்து தொடங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்து, நாட்கள். சென்னையில் ஏறிக் கடலில் சுற்றிவிட்டு எந்த ஊரையும் தொடாமல் சென்னையிலேயே இறக்கிவிடும் இரண்டு இரவுப் பயணம் கிடைத்தால், அதையே முதலில் எடுங்கள். வேறு துறைமுகம் இல்லாததால் மூன்றாவது பத்தியின் இடர் பெருமளவு குறைந்துவிடும். 2023 ஜூனில் தொடங்கிய இலங்கைப் பயணத்தைப் போல அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை எனப் பல இடங்களைத் தொடும் வழிகள் அழகானவைதான். ஆனால் ஒவ்வொரு துறைமுகத்திலும் அந்நாட்டுச் சுகாதார அதிகாரியின் அனுமதி கிடைத்த பிறகே யாரும் இறங்க முடியும். கப்பல்களில் மஞ்சள் கொடி ஏற்றப்படுவது இதற்காகத்தான். "கப்பலில் எல்லோரும் நலம், உள்ளே வர அனுமதி வேண்டும்" என்பது அதன் பொருள்.

அறையைப் பொறுத்தவரை, கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்தாலும் பால்கனி உள்ள அறையை எடுப்பது நல்லது. சன்னலே இல்லாத உள்ளறை தூங்குவதற்குப் போதும். ஆனால் தனிமைப்படுத்தினால் பகலா இரவா என்றுகூடத் தெரியாமல் அதே அறையில் கிடக்க வேண்டியிருக்கும். பட்ஜெட் இடம் தராவிட்டால் நாட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், அறையைக் குறைக்காதீர்கள்.

அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் நூற்றுக்கு மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது. 85 அல்லது அதற்குக் கீழே எடுத்தால் தோல்வி. பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 விழுக்காட்டினருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அதையும் பட்டியலிடுகிறது. அமெரிக்காவைத் தொடாத கப்பல்கள் இந்தப் பட்டியலில் வராது என்பதால், இங்கிருந்து கிளம்பும் கப்பலைப் பற்றி முகவரிடம் நேரடியாகவே கேட்க வேண்டும்: நோயாளிகளைத் தனிமைப்படுத்தத் தனி அறைகள் ஒதுக்கப்பட்டுள்ளனவா, பஃபேயில் ஊழியர்கள் பரிமாறுகிறார்களா அல்லது எல்லோரும் ஒரே கரண்டியைப் பிடிக்கிறார்களா? "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்" என்று சொல்லும் முகவரை விட்டு வேறு முகவரைப் பாருங்கள்.

அந்தமான் கப்பலில் போய்வந்தவர்கள் நம் பகுதியில் ஏராளம். அந்த அனுபவம் கடல் குமட்டலைத் தாங்கப் பழக்கியிருக்கும். மற்றபடி அதை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். அந்தமான் கப்பல் ஊர் சேர்வதற்கானது. சொகுசுக் கப்பலிலோ அரங்கு, உணவுக்கூடம், நீச்சல் குளம் என்று நாள் முழுவதும் கூட்டத்தோடு கலந்திருப்பதற்குத்தான் காசு கொடுக்கிறோம்.

ஐந்தாம் படி: பத்திரத்தைப் படியுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். இந்தியாவில் எடுத்த சாதாரண மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இந்திய எல்லைக்குள் அளிக்கப்படும் சிகிச்சைக்கு மட்டுமே செல்லும். கப்பல் மருத்துவமனையின் கட்டணம் உங்கள் அறைக் கணக்கில் ஏறும். அதை அங்கேயே கட்டிவிட்டு, ரசீதை வைத்துப் பின்னர் கேட்டுப் பெற வேண்டியிருக்கும். ஆகவே தனியாகப் பயணக் காப்பீடு தேவை. அதை வாங்கும் முன் "இவை அடங்கா" என்ற பகுதியை முதலில் திறங்கள். அதில் கொள்ளைநோய், பெருந்தொற்று என்ற சொற்கள் இருக்கின்றனவா, ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோயால் வரும் சிக்கல்கள் விலக்கப்பட்டுள்ளனவா, கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும் செலவு சேர்க்கப்பட்டுள்ளதா, அரசு உத்தரவால் தனிமைப்படுத்தப்பட்டால் தங்கும் செலவு கிடைக்குமா என்பவற்றைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். காப்பீடு எடுக்கும்போதே செய்தியில் அடிபடும் நோய்க்கு இழப்பீடு மறுக்கப்படலாம் என்பதால், சீட்டு எடுக்கும் அன்றே காப்பீட்டையும் எடுத்துவிடுவது முறை.

கப்பல் நிறுவனத்தின் ரத்து விதிகளில் இரண்டு தனித்தனி வரிகளைத் தேடுங்கள்: நீங்கள் ரத்து செய்தால் என்ன கிடைக்கும், அவர்கள் ரத்து செய்தால் என்ன கிடைக்கும். பணமாகத் திரும்ப வருமா, அடுத்த பயணத்துக்கான வரவாக மட்டும் வைக்கப்படுமா என்பது பல குடும்பங்கள் கவனிக்காத வித்தியாசம். அந்த வரவுக்குக் காலக்கெடுவும் இருக்கும்.

ஆறாம் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர்வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் வங்கக்கடலில் புயல் உருவாகும் காலம் அது; சென்னையில் ஃப்ளூ காய்ச்சல் பெருகும் காலமும் அதுவே. 2022 டிசம்பரில் மாண்டஸ், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்ததை இங்கு யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று காசிமேட்டில் விசாரிக்கும் வாரத்தில் கப்பல் பயணத்தைத் திட்டமிடுவது வீண். மே மாதத்திலும் புயல் வருவதுண்டு. பொங்கல் முடிந்து மார்ச் வரையிலான காலம் கடலுக்கும் உடலுக்கும் ஏற்றது.

ஏழாம் படி: நிறுத்தும் நிபந்தனைகளை முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள்

எந்தெந்த நிலைமையில் போகமாட்டோம் என்பதைச் சீட்டு எடுக்கும் நாளிலேயே நோட்டில் எழுதி, பெரியவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய இரண்டு நாளில் வீட்டில் யாருக்காவது காய்ச்சலோ வாந்தியோ வந்தால், செல்லும் நாட்டில் புதிய நோய் பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தால், குறியிட்டவரின் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ கட்டுக்குள் இல்லையென்றால், பயணம் இல்லை. பெட்டி கட்டிய பிறகு இந்த நிபந்தனைகளை யோசித்தால், "லேசான சளிதானே" என்று யாராவது ஒருவர் வாதாடி வென்றுவிடுவார். சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணில் அரசு மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

ஏறும் இடத்தில் உடல்நல அறிவிப்புப் படிவம் ஒன்று கொடுப்பார்கள். காய்ச்சல் இருக்கிறதா, அண்மையில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்ததா என்ற கேள்விகளுக்கு எதிரே பேனாவைப் பிடித்தபடி குடும்பத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு "இல்லை" என்று குறிப்பது வழக்கமாகிவிட்டது. உண்மையை எழுதுங்கள். ஏறிய பிறகு கழிவறைக்குப் போய்வந்ததும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸிடம் கைக் கிருமிநாசினித் திரவம் அவ்வளவாக எடுபடுவதில்லை.

திரும்பி வந்த பிறகு ஒரு வாரமாவது பிறந்த குழந்தை இருக்கும் வீட்டுக்கும், டயாலிசிஸ் செய்துகொள்ளும் உறவினர் வீட்டுக்கும் போகாமல் இருங்கள். அந்த நாட்களில் காய்ச்சல் வந்து மருத்துவரிடம் போனால், எந்தக் கப்பலில், எந்தெந்தத் துறைமுகங்களுக்குப் போனீர்கள் என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.