சோப்பு நுரையை வைத்து போர்த் தண்ணீரைச் சோதிப்போம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தைக் கவனித்திருப்பீர்கள். எவ்வளவு தேய்த்தாலும் அடியில் வெள்ளைப் படிவு போகாது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் வேலை அது. எந்தத் தண்ணீரில் அது அதிகம் என்று குளியல் சோப்பை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

மூடியுள்ள ஒரே அளவு பாட்டில்கள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் போர்த் தண்ணீர், இன்னொன்றில் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர், மூன்றாவதில் மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர். ஒவ்வொன்றிலும் 50 மில்லி.

அடுத்து சோப்புக் கரைசல். சோப்பை ஒரு ஸ்பூன் அளவு சீவி, அரை டம்ளர் வெதுவெதுப்பான ஆர்.ஓ. தண்ணீரில் கரையுங்கள். துணி பவுடரும் ஷாம்பும் வேண்டாம். அவை உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும், வித்தியாசமே தெரியாது.

இனிதான் முக்கியமான கட்டம். இங்க் ஃபில்லரால் 5 சொட்டு விட்டு, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். நுரை ஒரு நிமிடம் அடங்காமல் நிற்கும்வரை ஐந்தைந்தாக விட்டு எண்ணிக்கொண்டே வாருங்கள். மழைநீர் சீக்கிரமே நுரைத்துவிடும். போர்த் தண்ணீரில் முதலில் நுரையே எழாது. பால் கலந்ததுபோல் கலங்கி, வெள்ளைத் திப்பிகள் மிதக்கும். சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகிறது. கால்சியமும் மெக்னீசியமும் தீர்ந்த பிறகுதான் நுரைக்கச் சோப்பு மிஞ்சும். அதனால் சொட்டு எண்ணிக்கை கூடக் கூட, தண்ணீரின் கடினத்தன்மையும், அதாவது இந்த உப்புகளின் அளவும், கூடுதல் என்று அர்த்தம்.

சரி, அதே போர்த் தண்ணீரைப் பெரியவர் ஒருவர் 10 நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வெள்ளைத்துணியில் வடிகட்டட்டும். அதிலும் 50 மில்லி எடுத்து மறுபடி எண்ணுங்கள். சொட்டு குறைந்தால், பைகார்பனேட் உப்பு கொதியில் சிதைந்து, சுண்ணாம்புக்கல்லின் அதே கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிட்டது. குறையவில்லையா? சல்பேட், குளோரைடு உப்புகள்தான் அதிகம். அவை கொதிக்கவைத்தால் போகாது.

பாத்திரத்தில் காய்ந்த படிவின்மேல் எலுமிச்சைச் சாறு விட்டு, கண்ணைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும், அது கார்பன் டை ஆக்சைடு. கழிவறை ஆசிட்டை மட்டும் இதற்குத் தொடவே கூடாது. சோதித்த தண்ணீரைச் செடிக்கோ வாய்க்கோ கொடுக்காமல் கீழே ஊற்றிவிடுங்கள்.

அப்புறம், நம் மாவட்டங்களில் பல்லில் பழுப்புக் கறை உண்டாக்கும் ஃபுளோரைடை இந்தச் சோதனை காட்டாது. கொதிக்க வைத்தாலும் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் ஏறும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. போர்த் தண்ணீரையே குடிக்கிற வீடு என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.