தம்பியின் கிரெடிட் கார்டு ஏன் கிடைக்கவில்லை

தம்பி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பர்கர் கடையில் பகுதிநேர வேலை பார்க்கிறான். கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தால் நிராகரிப்பு, காரணமும் சொல்லவில்லை. கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய வரலாறு சேரட்டும் என்று டெபிட் கார்டை மாதக்கணக்கில் தேய்த்துப் பார்த்தான், அது கடன் வரலாற்றில் ஏறவே ஏறாது. வேறு வங்கியும் கைவிரித்தது. சரி என்று, நிராகரித்த 30 நாளுக்குள் இலவசமாகக் கிடைக்கும் கிரெடிட் பியூரோ சிங்கப்பூர் (ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் தொகுக்கும் நிறுவனம்) அறிக்கையை எடுத்தோம். கடன் கணக்கு ஒன்றுகூட இல்லை, ஆனால் போட்ட ஒவ்வொரு விண்ணப்பமும் அதில் பதிவாகியிருந்தது! அடுக்கடுக்காக விண்ணப்பித்தால், கடனை ஒழுங்காகக் கட்டுவோமா என்று காட்டும் மதிப்பெண்ணே குறையுமாம். கொஞ்ச காலம் சும்மா இருந்துவிட்டு, அப்புறம் வருமானச் சான்று கேட்காத, 500 வெள்ளி வரம்புள்ள மாணவர் கார்டு வாங்கினான். கைப்பேசிக் கட்டணம் மட்டும் அதில். முழுத் தொகையும் ஜைரோ மூலம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழிகிறது. இப்போது அறிக்கையில் மதிப்பெண் வந்துவிட்டது.