டகோமாவில் 2 இன்ச் பாடி லிஃப்ட்: கட்டை வைப்பதற்கு முன்னும் பின்னும்

பாடி லிஃப்ட் என்பது சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) பாடிக்கும் (அதன் மேல் உட்காரும் கேபினும் பின்பெட்டியும்) நடுவே கட்டைகளை வைத்துப் பாடியை மட்டும் மேலே ஏற்றும் வேலை. இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில், ஸ்ப்ரிங், பெட்ரோல் டேங்க் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். கட்டை வைத்துப் போல்ட் முடுக்குவது இதில் சுலபமான பகுதி. சேசிஸிலிருந்து பாடிக்குக் கடந்து போகும் ஒவ்வொரு குழாயும், வயரும், கேபிளும், ஸ்டீயரிங் தண்டும் 50 மிமீ நீள வேண்டியிருக்கிறதே, நேரமெல்லாம் அங்கேதான் போகும். தவறுகளும் அங்கேதான் நடக்கும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்காவில் 1995 முதல் 2004 வரை விற்ற முதல் தலைமுறை டொயோட்டா டகோமா, நான்கு சக்கர இயக்கம், மேனுவல் கியர். தனிச் சேசிஸ் உள்ள எந்தப் பிக்கப்புக்கும் முறை ஏறக்குறைய இதேதான். போல்ட் எண்ணிக்கையும் ரேடியேட்டர், பம்பர் பட்டைகளின் வடிவமும்தான் மாறும்.

பெரிய டயருக்கு இடம் செய்யத்தான் இந்த வேலை, அதனால் முதலில் டயர் கணக்கு. 265/70 ஆர் 16 டயரின் விட்டம் 777 மிமீ. அதை எடுத்துவிட்டு 285/75 ஆர் 16 போட்டால் 834 மிமீ. ஆக்சிலுக்குக் கீழே கிடைக்கும் கூடுதல் இடைவெளி இந்த வித்தியாசத்தில் பாதி, அதாவது 28 மிமீ. அந்த 28 மிமீட்டரைத் தருவது டயர்தான். பாடி லிஃப்ட் அந்த டயருக்குச் சக்கரக் குழியில் இடம் மட்டும் ஒதுக்கித் தருகிறது. அந்த இடமும் முழுசாகப் போதாது: ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் முன்சக்கரக் குழியின் பின்சுவரில் உள்ள தகட்டு மடிப்பில் டயர் உரசக்கூடும், அதைச் சுத்தியலால் படிய அடித்துப் பெயின்ட் பூச வேண்டியிருக்கும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையான வேகம் 107 ஆகிவிடும்.

3 இன்ச் கிட் (கட்டை, போல்ட் எல்லாம் அடங்கிய தொகுப்பு) கூடச் சந்தையில் உண்டு. முதல்முறை செய்பவர்கள் 2 இன்ச்சோடு நிற்பது நல்லது. பிரேக் பிடிக்கும்போது பாடி முன்னால் போகப் பார்க்கும். அந்த விசையை வாங்குவது பாடி போல்ட்டுகள். கட்டை உயர உயர, போல்ட்டை வளைக்கும் நெம்பு நீளமும் கூடுகிறது. கட்டை நைலானாகவோ பாலியூரித்தேனாகவோ, ஒவ்வொன்றும் ஒரே துண்டாக இருக்க வேண்டும். வட அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கி விளையாட்டின் ரப்பர் வட்டுகளில் துளையிட்டு அடுக்குவது பழைய வழக்கம். ஒவ்வொன்றும் 1 இன்ச் தடிமன் என்பதால் இரண்டு போட்டால் கணக்குச் சரியாக வரும். ஆனால் இரண்டு வட்டுகளுக்கு நடுவே வழுக்க ஒரு பரப்பு உருவாகிவிடுகிறது, அங்கே போல்ட் தனியாக வெட்டு விசையைத் தாங்குகிறது. மரக்கட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது பிளந்துவிடும்.

கிட்டைப் பிரித்ததும் எண்ணிப் பாருங்கள்: கேபினுக்கும் பின்பெட்டிக்கும் கட்டைகள், 10.9 வலிமைத் தர நீளப் போல்ட்டுகள், அகல வாஷர்கள், ஸ்டீயரிங் தண்டு நீட்டிப்பு, ரேடியேட்டரை இறக்கும் பட்டைகள், முன்பின் பம்பர் பட்டைகள், பெட்ரோல் நிரப்பும் ஹோஸுக்கு நீட்டிப்புக் குழாய். பழைய போல்ட்டை அளந்து புதியதோடு ஒப்பிடுங்கள். புதியது கட்டையின் உயரம் அளவுக்கு, அதாவது 50 மிமீ, நீளமாக இருக்க வேண்டும். நட்டுக்குள் ஏறும் மரை முன்பு ஏறிய அளவைவிடக் குறைந்தால் அந்தப் போல்ட்டைப் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொரு பரிசோதனையைக் கிட்டுக்குப் பணம் கொடுக்கும் முன்பே செய்துவிடுங்கள். இந்த வண்டிகளின் சேசிஸ் துருப்பிடிக்கும் குறை பெயர் பெற்றது. 1995 முதல் 2000 வரையிலான மாடல்களுக்கு டொயோட்டாவே 2008இல் தனித் திட்டம் அறிவித்தது. பனிக்காலத்தில் சாலையில் உப்பு கொட்டும் ஊர்களில் ஓடிய வண்டி என்றால், பாடி தாங்கிகள் சேசிஸோடு பற்றவைக்கப்பட்ட இடங்களைச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. சத்தம் மந்தமாக வந்தாலோ செதில் உதிர்ந்தாலோ அந்த வண்டிக்கு லிஃப்ட் வேண்டாம்; உயர்த்திய பாடியின் ஆட்டம் அந்தத் தாங்கியைக் கிழித்துவிடும்.

இந்தியாவில் வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய நினைத்தால் சட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. மீறினால் 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அமெரிக்காவில் உயர வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

வேலைக்கு இரண்டு பேர், இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். மூன்று நாள் முன்பிருந்தே எல்லாப் பாடி போல்ட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெயைக் காலை மாலை தெளித்து வையுங்கள். இதைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் இந்த வேலையின் மிக மோசமான தொல்லை வரும்: பாடிக்குள் பற்றவைத்திருக்கும் நட்டு பிய்ந்து போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். அப்படி நடந்தால் கேபின் தரையைத் துளைத்து மேலிருந்து நட்டைப் பிடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. இறுகிய போல்ட்டை ஒரே மூச்சில் கழற்றாதீர்கள். கால் சுற்று இளக்கி, கால் சுற்று முடுக்கி, மறுபடி இளக்குங்கள்.

அன்று காலை சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களை நேராக வைத்து, நான்கு சக்கரத்துக்கும் முட்டுக்கட்டை கொடுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஏர்பேக் இருப்பதால் 90 விநாடியாவது காத்திருங்கள். ஸ்டீயரிங் சக்கரத்தை சீட் பெல்ட்டால் அசையாமல் கட்டிவிடுங்கள். தண்டு கழன்ற நிலையில் சக்கரம் தன்னிச்சையாகச் சுற்றினால், உள்ளே ஏர்பேக்குக்குப் போகும் சுருள் கேபிள் அறுந்துவிடும்.

இனி கடந்து போகும் பொருள்கள். கேபினைத் தூக்குவதற்கு முன்பே இவற்றை விடுவிக்க வேண்டும்.

ஸ்டீயரிங் தண்டின் இணைப்பில் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொண்டு, இறுக்கும் போல்ட்டை முழுதாக வெளியே எடுங்கள். அது ஸ்ப்லைனில் (தண்டு முனையில் உள்ள பல்வரிசை) உள்ள பள்ளத்தின் ஊடாகப் போவதால், இளக்கினால் மட்டும் தண்டு வராது.

பெட்ரோல் வாய் பின்பெட்டியோடு திருகப்பட்டிருக்கும், டேங்க் சேசிஸில் இருக்கும். திருகுகளைக் கழற்றி ஹோஸைச் சுதந்திரமாக விடுங்கள். டேங்கில் கால்வாசிக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கும் நாளில் வேலையை வைத்துக்கொண்டால் பயம் குறைவு.

பிரேக் குழாய்கள் இரும்பு. கேபின் சுவரிலிருந்து சேசிஸுக்கு இறங்கும் இடத்தில் முதல் கிளிப்பைக் கழற்றி, வளைவு நிதானமாக விரிய இடம் கொடுங்கள். எங்கேனும் மடங்கியதாகத் தெரிந்தால் அந்தக் குழாயை மாற்றியே ஆக வேண்டும், நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது. பின்னால் சரக்கு எடைக்கேற்பப் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இருப்பதால் பாடி லிஃப்ட் அதைத் தொடாது. அதை யாரும் சரிசெய்யச் சொன்னால் கேட்க வேண்டாம்.

கிளட்ச் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ்கள், ஏசி குழாய்கள், ஆக்சிலரேட்டர் கேபிள், கைபிரேக் கேபிள், இன்ஜினிலிருந்து கேபின் சுவருக்குப் போகும் எர்த் பட்டை, வயர் கட்டுகளின் கிளிப்புகள், பின்விளக்கு இணைப்பு. ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்த்து 50 மிமீ தளர்வு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். அதிகம் மறக்கப்படுவது எர்த் பட்டை. அது அறுந்தால் வண்டி ஓடும், ஆனால் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்த்து அதைக் கருக்கிவிடும்.

ஃபேன் கூண்டையும் இப்போதே கழற்றிவிடுங்கள். இந்த வண்டியின் ஃபேன் இன்ஜினில், ரேடியேட்டர் பாடியில். கேபின் ஏறும்போது கூண்டும் ஏறி ஃபேன் இறக்கையில் மாட்டும்.

தூக்கும் முறை இது. கேபினின் எல்லாப் போல்ட்டுகளையும் இளக்குங்கள். ஒரு பக்கத்துப் போல்ட்டுகளை மட்டும் வெளியே எடுங்கள். மறுபக்கம் சில மரைகளாவது பிடித்திருக்கட்டும், கேபின் நழுவாமல் காப்பது அதுதான். ஜாக்கிக்கு மேல் நான்கடி நீளத் தடித்த பலகையை வைத்துக் கதவுக்குக் கீழுள்ள விளிம்பில் பரவலாகப் பிடித்து மெல்ல ஏற்றுங்கள். அரை இன்ச் ஏறியதும் நிறுத்தி, இன்ஜின் அறையையும் அடிப்பகுதியையும் சுற்றிப் பார்த்து, எதுவும் விறைக்கவில்லை என்று தெரிந்த பிறகே அடுத்த அரை இன்ச். இடைவெளி வந்ததும் முதலில் மரமுட்டுகளைச் செருகுங்கள். முட்டு இல்லாமல் விரலை உள்ளே விடக் கூடாது.

கட்டை உட்கார வேண்டிய இடம் பழைய ரப்பர் மெத்தைக்கு மேலே, பாடிக்குக் கீழே. ரப்பரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கட்டை வைப்பவர்கள் உண்டு. சேசிஸின் அதிர்வு முழுதும் கேபினுக்குள் வரும், தகட்டிலும் விரிசல் விழும். போல்ட்டுகளைக் கையால் ஏற்றுங்கள், மரை இளகாமல் பிடிக்கும் பசையான லாக்டைட் நீலம் ஒரு சொட்டு. எல்லாப் பக்கமும் கட்டை உட்கார்ந்த பிறகே டார்க் ரெஞ்ச் (முடுக்கும் அளவைக் காட்டும் ரெஞ்ச்). எவ்வளவு என்பதற்குக் கிட் தாளில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக முடுக்கினால் ரப்பர் பிதுங்கும், நட்டு பிய்யும்.

பின்பெட்டி இதைவிட எளிது. முடிந்தால் நான்கு பேர் பிடித்து முழுதாக இறக்கி வைத்துவிடுங்கள். பெட்ரோல் ஹோஸ் வேலையை நின்றபடியே முடிக்கலாம், சேசிஸுக்கு ஒரு கோட் பெயின்ட்டும் அடித்துக்கொள்ளலாம். நீட்டிப்புக் குழாய்க்குப் பெட்ரோல் தாங்கும் ஹோஸ் மட்டும்தான் வேண்டும். ரேடியேட்டர் ஹோஸ் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். ஹோஸ் வாயிலிருந்து டேங்க் வரை ஒரே சரிவாக இறங்க வேண்டும். நடுவில் தொய்ந்தால் அங்கே பெட்ரோல் தேங்கி, பங்க்கில் நிரப்பும்போது அவர்களின் குழாய் அடிக்கடி தானாக நின்றுவிடும். கூடவே போகும் சிறிய காற்றுக் குழாய் மடங்கினாலும் இதே கதைதான்.

கேபின் ஏறிவிட்டால் ரேடியேட்டரைப் பட்டைகளால் கீழே இறக்கி, ஃபேன் அதன் நடுவில் சுற்றும்படி செய்யுங்கள். கூண்டை மாட்டியபின் ஃபேனைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், எங்கும் விரலளவு இடைவெளி இருக்க வேண்டும். கூண்டை வெட்டி எறிந்துவிட்டால் நெரிசலில் இன்ஜின் சூடேறும்.

கியர் லிவரை ஏனோதானோவென்று விடாதீர்கள். கியர்பாக்ஸ் கீழேயே இருக்க, தரை மட்டும் ஏறியிருக்கிறது. லிவர் பின்பக்கம் சாய்ந்திருப்பதால், அது தரையைக் கடக்கும் இடமும் பின்னால் நகர்ந்திருக்கும். ஆகவே 2, 4, ரிவர்ஸ் போடும்போது துளையின் பின்விளிம்பில் இடிக்கும். கியர் விழுந்ததாகத் தோன்றும், முழுதாக விழுந்திருக்காது. மேட்டில் ஏறும்போது துள்ளி வெளியே வரும். துளையின் பின்விளிம்பை வெட்டியோ, லிவரை முன்னால் வளைத்த நீட்டிப்பு போட்டோ சரிசெய்யுங்கள். நான்கு சக்கர இயக்கத்தைப் போடும் ட்ரான்ஸ்பர் கேஸ் லிவருக்கும் எல்லா நிலைகளிலும் இதே சோதனை.

பம்பர் சேசிஸில் இருப்பதால் தாழ்ந்து நிற்கும், பட்டைகளால் உயர்த்துங்கள். உயர்த்திய பின்பம்பரின் உருண்டையில் ட்ரெய்லர் கட்டாதீர்கள். இழுவைக்குச் சேசிஸில் நேரடியாகப் பூட்டிய ஹிட்ச் வேண்டும்.

ஸ்டீயரிங் தண்டில் பெயின்ட் கோடுகளைச் சேர்த்து நீட்டிப்பைப் பூட்டுங்கள். இறுக்கும் போல்ட் ஸ்ப்லைனின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். பிறகு சக்கரங்களைத் தூக்கிவைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒடித்து, எங்கும் உரசலோ பிடிப்போ இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பேட்டரியை மாட்டி, பிரேக் மிதியை இன்ஜின் ஓடும்போது ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, குழாய் இணைப்புகளில் ஈரம் தேடுங்கள். முகப்பு விளக்குகள் 2 இன்ச் உயர்ந்திருப்பதால் ஒளியைத் தாழ்த்திச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். 100 கிமீ ஓடியதும் எல்லாப் பாடி போல்ட்டுகளையும் ஸ்டீயரிங் போல்ட்டையும் மறுபடி டார்க் பாருங்கள். கட்டையும் ரப்பரும் அமுங்கியிருக்கும் என்பதால் பெரும்பாலும் சிறிது முடுக்க வேண்டி வரும். 1,000 கிமீட்டரில் இன்னொரு முறை, பிறகு ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும்.