வண்டிப் புகையை கம்மி பண்ணணுமா, முதல்ல சைலன்சருக்குள்ள விரலை விட்டுப் பாருங்க

வண்டியை நிறுத்தி இன்ஜின் நல்லா ஆறினதுக்கு அப்புறம் பின்னாடி போய் சைலன்சர் குழாய்க்குள்ள விரலை விட்டு ஒரு சுத்து சுத்தி எடுத்துப் பாருங்க (சூடா இருக்கும்போது விட்டுட்டு என்னைத் திட்டாதீங்க). யூரோ 5, யூரோ 6 இல்ல பிஎஸ் 6 (வண்டிப் புகைக்கு ஐரோப்பாவும் இந்தியாவும் வச்ச கட்டுப்பாட்டு அளவுங்க) டீசல் காரா இருந்தா விரல்ல பெருசா ஒண்ணும் ஒட்டக் கூடாது, லேசா சாம்பல் கலர்ல தூசி இருந்தா பரவால்ல. கண் மை மாதிரி கருப்பா அப்பிக்கிச்சுன்னா உள்ள இருக்கிற ஃபில்டர் விரிசல் விட்டிருக்கணும், இல்ல முன்னாடி வச்சிருந்தவரு அதைக் கழட்டித் தூக்கிப் போட்டிருக்கணும். பெட்ரோல் வண்டிக்கு இந்த டெஸ்ட்டை நம்பாதீங்க, டைரக்ட் இன்ஜெக்ஷன் (பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுற) வண்டி நல்லா இருந்தாலும் குழாய் கருப்பா இருக்கும். பழைய டீசல் கார் வாங்கப் போறவங்க பெயிண்ட், சீட் எல்லாம் பாக்கறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க.

அடுத்தது, உங்க வண்டி எந்த ஸ்டாண்டர்டுன்னு தெரிஞ்சுக்கோங்க. ரிஜிஸ்ட்ரேஷன் பேப்பர்லயோ மேனுவல்லயோ போட்டிருக்கும். யூரோ 1 ஐரோப்பால 1992ல வந்தது, அப்போ டீசல் காருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 140 மில்லிகிராம் வரைக்கும் கரித்தூள் விடலாம்னு இருந்துச்சு, யூரோ 5ல அது 5 மில்லிகிராமா குறைஞ்சு, யூரோ 6ல 4.5 ஆச்சு. நைட்ரஜன் ஆக்சைடுங்கிற நச்சு வாயு டீசல் காருக்கு யூரோ 5ல 180 மில்லிகிராம், யூரோ 6ல 80. இந்தியா பிஎஸ் 4ல இருந்து பிஎஸ் 5ஐத் தாண்டி நேரா பிஎஸ் 6க்கு 2020 ஏப்ரல்ல குதிச்சுது. இந்த நம்பரை எல்லாம் மனப்பாடம் பண்ண வேணாம், ஆனா ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, நம்பர் இவ்ளோ கீழ வந்தது இன்ஜின் மட்டும் நல்லா எரிக்கிறதால இல்ல, இன்ஜினுக்குப் பின்னாடி ஒரு சின்ன கெமிக்கல் ஃபேக்டரியே ஓடுது. அந்த ஃபேக்டரிக்கு நாம ஊத்துற எரிபொருள், ஆயில், ஓட்டுற விதம் மூணும் ஒத்துப் போகணும், ஒண்ணு சொதப்பினாலும் மொத்தமும் படுத்துடும்.

எரிபொருள்ல பெரிய வில்லன் கந்தகம். டீசல்ல கந்தகம் இருந்தா அது எரிஞ்சு கேட்டலிஸ்ட் (புகையில இருக்கிற நச்சை மாத்துற வினையூக்கி) மேல இருக்கிற பிளாட்டினம், பல்லேடியம் மேல போய் உக்காந்துக்கும், அப்புறம் அது வேலை செய்யாது. அதனாலதான் புது ஸ்டாண்டர்டு வரும்போதெல்லாம் எரிபொருளையும் சேர்த்தே மாத்துறாங்க, ஐரோப்பால 2009ல இருந்து 10 பிபிஎம் (பத்து லட்சத்துல 10 பங்கு), அமெரிக்கா டீசல்ல 2006ல 15 பிபிஎம், இந்தியால பிஎஸ் 4ல 50 இருந்தது பிஎஸ் 6ல 10க்கு வந்துச்சு. ஈயம் கதையும் இதேதான். 1921ல தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோல்ல ஈயம் கலந்தா இன்ஜின் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறா எரிஞ்சு வர்ற தட்டுற சத்தம்) நிக்குதுன்னு கண்டுபிடிச்சார், உலகமே அம்பது வருஷம் அந்தப் புகையை சுவாசிச்சுது, கடைசில அமெரிக்கால 1975 மாடல் கார்ல கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (கேட்டலிஸ்ட் வச்சுப் புகையைச் சுத்தம் பண்ற டப்பா) வந்தப்போ ஈயம் அதைக் கெடுத்துடும்னு ஈயம் இல்லாத பெட்ரோல் கட்டாயம் தேவைப்பட்டுச்சு. குழந்தைங்க மூளை பாதிக்குதுன்னு சொன்னப்போ நகராதவங்க கன்வெர்ட்டர் கெடும்னதும் நகந்தாங்க, அதை நினைச்சா எனக்கு இன்னும் கடுப்பாதான் இருக்கு. கடைசியா அல்ஜீரியால 2021ல தான் ஈயப் பெட்ரோல் விக்கிறதை நிறுத்தினாங்க.

சரி, நாம என்ன பண்றது. வழக்கமா நல்ல விற்பனை இருக்கிற, நம்பிக்கையான பங்க்லயே போடுங்க, அங்க எரிபொருள் தேங்கி நிக்காது. மண்ணெண்ணெய் கலந்த டீசலோ பெட்ரோலோ சீப்பா கிடைக்குதுன்னு யார் சொன்னாலும் ஓடிடுங்க, மண்ணெண்ணெய்ல கந்தகம் எவ்வளவு இருக்கும்னு யாருக்கும் தெரியாது, பெட்ரோல் இன்ஜின்ல அது நாக்கிங்கும் உண்டாக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல்னா உங்க வண்டி எத்தனை சதவீதம் தாங்கும்னு டேங்க் மூடி கிட்ட இல்ல மேனுவல்ல பாருங்க. எத்தனால்ல சக்தி பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு கம்மி, அதனால கலப்பு கூடக்கூட மைலேஜ் லேசா குறையும், தண்ணியை வேற இழுத்துக்கும், அதனால மாசக்கணக்குல வண்டியை சும்மா நிறுத்துறவங்க டேங்க்ல பழசை வச்சுக்கிட்டே இருக்காதீங்க.

இப்ப டீசல் கார் வச்சிருக்கிறவங்க கவனிங்க, இதுதான் முக்கியமான இடம். டிபிஎஃப்ங்கிறது முதல்ல சொன்ன அந்த ஃபில்டர்தான், கரித்தூளைப் பிடிச்சு வைக்கிற தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டை. அது நிறைஞ்சதும் வண்டியே கொஞ்சம் அதிகமா டீசலை விட்டு 600 டிகிரி பக்கம் சூடாக்கி கரியை எரிச்சுடும், இதுக்குப் பேர் ரீஜெனரேஷன். பிரச்சனை என்னன்னா ரெண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, மறுபடி ரெண்டு கிலோமீட்டர்னு ஓட்டுனா அந்த சூடு வரவே வராது. என் கார்ல ஒரு தடவை ஃபில்டர் நிறைஞ்சுடுச்சுன்னு சொல்ற மஞ்சள் லைட் வந்துச்சு, நான் ரெண்டு வாரம் கண்டுக்கல, அப்புறம் கொண்டு போய்க் காட்டுனா அங்க இருந்தவர் "இதைக் கழட்டிட்டு சாஃப்ட்வேர்ல ஆஃப் பண்ணிடலாம் சார், பிக்கப்பும் நல்லா இருக்கும்"னு ரொம்ப அன்பா சொன்னார். வேணாம்னு வந்துட்டேன். மறுநாள் டிராஃபிக் இல்லாத ஹைவேல ஒரே சீரா, கியரை ஒண்ணு கீழ வச்சு 2500 ஆர்பிஎம் பக்கத்துல அரை மணி நேரம் ஓட்டினேன், லைட் அணைஞ்சுடுச்சு. வீட்டுக்கு வந்து நிறுத்தினா ஃபேன் மட்டும் சுத்திக்கிட்டே இருந்துச்சு, சூடான இரும்பு வாசனை வேற.

அதனால அந்த லைட் வந்த அன்னிக்கே ஓட்டிடுங்க, ரீஜெனரேஷன் நடக்கும்போது (ஐடில் ஆர்பிஎம் கொஞ்சம் ஏறி இருக்கும், ஃபேன் சத்தம் கேக்கும்) பாதில ஆஃப் பண்ணாதீங்க, பாதி பாதியா நிறுத்தினா எரியாத டீசல் ஆயில்ல கலந்து ஆயில் மட்டம் ஏற ஆரம்பிச்சுடும். காஞ்ச புல், காஞ்ச இலை மேல மட்டும் அப்ப வண்டியை நிறுத்தாதீங்க. லைட் சிவப்பா மாறி வண்டி இழுக்கவே மாட்டேங்குதுன்னா ஹைவேக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, அதுக்கு மேல சர்வீஸ்ல மெஷின் போட்டுத்தான் எரிக்கணும். உங்க ஓட்டம் மொத்தமும் சின்னச் சின்ன தூரம்தான்னா, உண்மையைச் சொல்லணும்னா, டீசல் கார் உங்களுக்கு இல்ல.

ஆயில்லயும் ஒரு விஷயம் இருக்கு. கரி எரிஞ்சு போயிடும், ஆனா ஆயில்ல இருக்கிற உலோகச் சேர்மானங்க எரிஞ்சு சாம்பலாகி ஃபில்டர்லயே தங்கிடும், அதை எந்த ஹைவேயும் எரிக்காது. அதனால டிபிஎஃப் வண்டிக்கு மேனுவல்ல சொன்ன லோ ஆஷ் ஆயில்தான், டப்பா மேல ஏசிஇஏ (ஐரோப்பிய ஆயில் தரக் குறியீடு) சி3 மாதிரி சி வரிசைல ஏதாவது போட்டிருக்கும். "எல்லா ஆயிலும் ஒண்ணுதான்"னு சொல்ற மெக்கானிக் கிட்ட ஜாக்கிரதை.

நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியா ஊத்துற டீசல் வண்டினா (ஆட்புளூ, டிஇஎஃப் எல்லாம் ஒரே சரக்குதான், 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தத் தண்ணி) வயலுக்குப் போடுற யூரியாவைக் குழாய்த் தண்ணில கரைச்சு ஊத்தாதீங்க. நெட்ல ரெசிபி சுத்துது, அதைப் பாத்து சிரிக்கவும் முடியல. குழாய்த் தண்ணில இருக்கிற கால்சியம், உப்பு எல்லாம் கேட்டலிஸ்ட்ல படிஞ்சு அதையே கொன்னுடும். ஐஎஸ்ஓ 22241னு போட்ட சீல் பண்ணின கேன் வாங்குங்க. அதைவிடக் கொடுமை தெரியாம டீசல் டேங்க்ல ஊத்திடுறது, அப்படி ஆச்சுன்னா சாவியைக் கூடத் திருப்பாதீங்க, டோ பண்ணிக் கொண்டு போங்க.

பெட்ரோல் வண்டிக்கு வேலை கம்மி. த்ரீ வே கன்வெர்ட்டர் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூணையும் ஒண்ணா முடிக்கும், ஆனா ஆக்சிஜன் சென்சார் காத்தையும் பெட்ரோலையும் 14.7க்கு 1ங்கிற கணக்கைச் சுத்தியே பிடிச்சு வச்சிருக்கணும், அது சோம்பேறியாச்சுன்னா மைலேஜும் போகும் காத்தும் கெடும். செக் இன்ஜின் லைட் நின்னு எரிஞ்சா சீக்கிரம் போய்க் காட்டுங்க, கண் சிமிட்டுற மாதிரி விட்டு விட்டு எரிஞ்சா உடனே வேகத்தைக் குறைச்சு ஓரம் கட்டுங்க. அது மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியல. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு உள்ள இருக்கிறதை உருக்கிடும், ஒரு ஸ்பார்க் பிளக்ல முடிய வேண்டிய வேலை அப்புறம் எங்கயோ போய் நிக்கும். வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறு கோடைப் படிக்கிற ஒரு சின்ன ஓபிடி ரீடர் வாங்கி வச்சுக்கிட்டா நீங்களே கோடு பாத்துக்கலாம், பி0420 வந்தா கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலன்னு அர்த்தம், ஆனா சைலன்சர் லீக், சென்சர் கோளாறுனாலயும் அதே கோடு வரும், அதனால கன்வெர்ட்டரை மாத்தச் சொன்னதும் தலையாட்டிடாதீங்க.

லைட் எதுவும் இல்லாத பழைய வண்டிக்குப் புகையோட கலர்தான் ரீடர். கருப்புன்னா எரிபொருள் அதிகம் காத்து கம்மி, முதல்ல ஏர் ஃபில்டரைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, அப்புறம்தான் இன்ஜெக்டர். நீலம்னா ஆயில் எரியுது, ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கும். வெள்ளை காலைல கொஞ்ச நேரம் வந்து நின்னுட்டா அது வெறும் நீராவி, வண்டி சூடானதுக்கு அப்புறமும் இனிப்பு வாசனையோட வந்தா கூலன்ட் உள்ள கசியுது.

புகை சர்டிஃபிகேட் இருக்கே, டெஸ்ட்ல பாஸ் ஆயிடுச்சேன்னு கேப்பீங்க. டெஸ்ட்ல பாஸ் ஆகுறது வேற, ரோட்ல சுத்தமா ஓடுறது வேறன்னு ஃபோக்ஸ்வேகன் கார் கம்பெனி காட்டிடுச்சு. அமெரிக்காவோட வெஸ்ட் வர்ஜீனியா யுனிவர்சிட்டி ஆளுங்க அவங்க டீசல் காரோட டிக்கில மெஷினை மாட்டி ரோட்ல ஓட்டிப் பாத்தப்போ கணக்கு இடிச்சுதுன்னு 2014ல அறிக்கை விட்டாங்க, 2015 செப்டம்பர்ல அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நைட்ரஜன் ஆக்சைடு அளவுக்கு மேல 40 மடங்கு வரைக்கும் போகுதுன்னு சொல்லுச்சு, உலகம் முழுக்க 1.1 கோடி வண்டில டெஸ்ட் நடக்குதுன்னு கண்டுபிடிச்சு அப்போ மட்டும் புகையைக் குறைக்கிற ஏமாத்து சாஃப்ட்வேர். அதுக்கு அப்புறம்தான் ஐரோப்பால 2017ல இருந்து புது மாடல்களை ரோட்லயே ஓட்டி அளக்குறதைக் கட்டாயமாக்கினாங்க.

எலக்ட்ரிக் வாங்கிட்டா தொல்லை விட்டுச்சான்னா, புகைக்குழாய்த் தொல்லை விட்டுச்சு. டயரும் பிரேக்கும் தேயுற தூசி இருக்கும், ஐரோப்பா யூரோ 7ல முதல் தடவையா பிரேக் தூசிக்கும் அளவு வச்சிருக்காங்க. எந்த வண்டியா இருந்தாலும் மாசம் ரெண்டு தடவை டயர் காத்து பாருங்க, முன்னாடி சிக்னலைப் பாத்துட்டு ஆக்சிலேட்டரை முன்னாடியே விடுங்க, பிரேக்கும் தேயாது எரிபொருளும் மிஞ்சும்.

இன்னொண்ணு, பெட்ரோல் போடும்போது நாசில் டக்குன்னு தானா கட் ஆனதுக்கு அப்புறமும் கணக்கு முழுசாகட்டும்னு அழுத்தி அழுத்தி விடுவாங்க. பெட்ரோல் ஆவி காத்துல போகாம பிடிச்சு வைக்கிறதுக்கு வண்டில ஒரு கரி டப்பா இருக்கு, கழுத்து வரைக்கும் ஊத்துனா திரவமாவே அதுக்குள்ள போய் கரி நனைஞ்சு டப்பா கெட்டுடும். முதல் டக் சத்தத்துலயே போதும்னு சொல்லிட்டு, மூடியை மூணு கிளிக் கேக்குற வரைக்கும் திருகிடுங்க.