ஸ்காபரோவில் வீடு, மிசிசாகாவில் வேலை: ஒப்புக்கொள்ளலாமா?

ரொறன்ரோவுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் பலர் முதலில் இறங்குவது நகரத்தின் கிழக்கே ஸ்காபரோவில்தான். சொந்தபந்தம், கோயில், கடை எல்லாம் பக்கத்திலேயே. ஆனால் படிப்புக்கேற்ற வேலை சில நேரம் நகரத்துக்கு மேற்கே, பக்கத்து நகரான மிசிசாகாவின் மெடோவேல் பக்கம் அகப்படும். வேலைக் கடிதம் வந்த கையோடு கையெழுத்துப் போடத்தான் மனம் சொல்லும். ஓரிரு நாள் பொறுங்கள்.

ஸ்காபரோவின் மல்வேனிலிருந்து அங்கே 401 நெடுஞ்சாலை வழியாக ஒரு வழிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஞாயிறு காலை ஓடிப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். வேலை நாளில், வேலை தொடங்கும் நேரத்துக்கே போய், மாலையில் எல்லாரோடும் சேர்ந்து திரும்பி வாருங்கள். பெப்ரவரியில் பனி கொட்டும் நாளுக்கு அதுவும் காணாது. 407 நெடுஞ்சாலையில் வேகமாகப் போகலாம்தான். ஆனால் பிக்கரிங்குக்கு மேற்கே அது தனியார் கட்டணச் சாலை. கமரா இலக்கத்தகட்டைப் படம் பிடிக்க, பில் வீடு தேடி வரும். 2025 ஜூனில் கட்டணத்தை நீக்கியது கிழக்குப் பகுதிக்கு மட்டுமே, உங்களுக்கு அதனால் பயனில்லை.

ரயிலில் போகலாமே என்றால், வரைபடத்தில் மெடோவேலுக்கு ஒரு கோ (GO) புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். மில்ரன் பாதை ரயில்கள் காலையில் நகர மையத்திலுள்ள யூனியன் நிலையத்தை நோக்கியும் மாலையில் அங்கிருந்து வெளியேயும்தான் ஓடும். நீங்கள் போகவேண்டியது அதற்கு நேரெதிர்த் திசை. வேலை போர்ட் கிரெடிட் அல்லது கிளாக்சன் பக்கமானால் கதை வேறு: லேக்‌ஷோர் பாதையில் நாள் முழுவதும் இரு திசையிலும் ரயில் உண்டு. ஸ்காபரோவில் கில்ட்வூட்டிலோ ரூஜ் ஹில்லிலோ ஏறலாம். 2024 பெப்ரவரியிலிருந்து ரீரீசி (TTC, ரொறன்ரோ நகரப் போக்குவரத்து) பஸ்ஸிலிருந்து கோ ரயிலுக்கு மாறினால் ரீரீசிக்குத் தனிக் கட்டணமும் இல்லை. இரண்டிலும் ஒரே பிரெஸ்ரோ பயணக் கட்டண அட்டையைத் தட்டினால் சரி. ரயிலில் ஒன்றரை மணிநேரம் என்றால் நான் ஒப்புக்கொள்வேன், தூங்கலாம், படிக்கலாம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒன்றரை மணிநேரம் என்றால் நன்றாக யோசிப்பேன்.

இனிக் காசு. வேலைக்காகச் சொந்தக் கார் ஓட்டுபவருக்கு நிறுவனம் வரியில்லாமல் கொடுக்க கனடா அரசு 2025இல் அனுமதித்த உச்ச அளவு, முதல் 5,000 கிலோமீட்டருக்கு 72 சதம், அதற்கு மேல் 66 சதம். காரின் உண்மைச் செலவை மதிப்பிட இது நல்ல அளவுகோல். வாரம் மூன்று நாள், ஆண்டுக்கு 48 வாரம் போய்வந்தால் 14,400 கிலோமீட்டர். செலவு 9,800 டொலர் வரும். கார் ஏற்கெனவே இருக்கிறது என்று பாதியைக் கழித்தாலும், மிச்சம் வரி போன பிறகு கைக்கு வரும் சம்பளத்திலிருந்துதான் போகும். வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயணத்தை வரியில் கழிக்க முடியாது. காப்புறுதிக்காரரும் வேலைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பார், உண்மையைச் சொல்லுங்கள். ஜி2 என்ற இடைநிலைச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு இருக்கும் புதிதாக வந்தவருக்குக் காப்புறுதித் தொகை ஏற்கெனவே தலைசுற்ற வைக்கும்.

சிறு பிள்ளைகள் இருந்தால் டேகேர் மூடும் நேரத்தையும் கேட்டு வையுங்கள். பிந்தினால் அதற்கும் காசு கட்டவேண்டி வரும்.

என் அபிப்பிராயம் இது: உங்கள் துறையில் கிடைக்கும் முதல் கனடிய வேலை என்றால், தூரமானாலும் ஓராண்டுக்குப் போங்கள். அந்த அனுபவம் அடுத்த வேலைக்குக் கதவைத் திறக்கும். ஏற்கெனவே துறையில் இருக்கிறீர்கள், சம்பளம் கொஞ்சம்தான் கூடும் என்றால் விட்டுவிடலாம். எப்படியானாலும் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களைக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்று மனேஜர் வாயால் சொல்வது, அவர் மாறினால் அவரோடு போய்விடும்.

வேலை கிடைத்ததும் வீடு மாற அவசரப்படவும் வேண்டாம். ஒன்ராறியோவில் முதல் மூன்று மாதத்துக்குள் முன்னறிவித்தல் இல்லாமலே வேலையை விட்டு நிறுத்தலாம். அந்த மூன்று மாதம் கழியட்டும். அப்புறம் வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். ஓராண்டு முடிந்து மாதாமாதம் இருப்பவர் என்றால், வெளியேற 60 நாள் முன்பே வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும்.