தலைக்கு ஹெல்மெட், கண்ணுக்கு உயரம்: ஸ்கைடைவிங் கற்கப் போகும் நெல்லைப் பிள்ளைகளுக்கு

"மாமா, பைக் ஹெல்மெட்தான் வீட்டில் இருக்கிறதே, அதை மாட்டிக்கொண்டு குதித்தால் ஆகாதா?" என்று, விமானத்திலிருந்து குதித்துப் பாராசூட்டில் இறங்கும் ஸ்கைடைவிங்கைக் கற்கப் போகும் அக்காள் மகன் கேட்டான். துபாயில் பாராசூட் மடித்துக் கட்டும் வேலை பார்க்கிறேன். அம்பாசமுத்திரத்துக்கு விடுப்பில் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஆகாது. சாலைக்கென்று செய்த முழு ஹெல்மெட் ஒரு கிலோவைத் தாண்டும். பாராசூட் விரியும் நொடியில் உடம்பைச் சட்டென்று தூக்கி நிறுத்தும். அந்த இழுப்பில் தலைப் பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கும். மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல் விழும்போது அதன் விளிம்பில் காற்று புகுந்து தலையை நெம்பும். எல்லாவற்றையும்விட மோசம், தாடைப் பகுதி மறைப்பதால் மார்பருகே இருக்கும் அவசரக் கைப்பிடிகளைக் குனிந்து பார்க்க முடியாது.

வான் விளையாட்டுகளுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 966. கடையில் அழகாக அடுக்கியிருக்கும் ஸ்கைடைவிங் ஹெல்மெட்கள் பலவற்றில் இந்தத் தரச் சான்றோ வேறெந்தச் சான்றோ இருக்காது; கேட்டு வாங்குங்கள். அளவெடுக்கும்போது நாடாவைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே சுற்றுங்கள். மாட்டிப் பட்டையை இறுக்கிய பிறகு, இரு கையாலும் ஹெல்மெட்டைத் திருகிப் பாருங்கள். நெற்றித் தோலும் சேர்ந்து நகர்ந்தால் அளவு சரி. ஹெல்மெட் மட்டும் சுழன்றால் பெரிது. பத்து நிமிடம் கழற்றாமல் இருங்கள். நெற்றியில் ஓர் இடம் மட்டும் வலித்தால் அந்த வடிவம் உங்கள் மண்டைக்கு உரியதல்ல, விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். கடைசியாக, முதுகில் பாராசூட் பையோடு தரையில் குப்புறப் படுத்து, நெஞ்சை வளைத்து, நேர் எதிரே நிமிர்ந்து பாருங்கள். ஹெல்மெட்டின் பின் விளிம்பு பையில் இடிக்கக் கூடாது. கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

முகம் திறந்ததா, மூடியதா? தொடங்குகிறவர் முகம் திறந்த ஹெல்மெட்டும் காற்றைத் தடுக்கும் கண்ணாடியுமாகப் போவதே நல்லது என்பேன். முகம் மூடியது சத்தத்தைக் குறைக்கும், குளிரைத் தடுக்கும். ஆனால் விமானத்துக்குள் மூடியபடி மூச்சு விட்டால் கண்ணாடியில் ஆவி படியும். அதை வாங்கினால், ஒரே கையால் கண்ணாடியைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். ஹெல்மெட்டில் கேமரா மாட்டும் ஆசை இப்போதைக்கு வேண்டாம். குறைந்தது 200 குதிப்புகள் முடிந்த பிறகே என்பது அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் அறிவுரை. கேமராவில் கயிறு சிக்கும் என்பது ஒரு காரணம். கவனம் உயரத்தை விட்டுப் போய்விடும் என்பது பெரிய காரணம்.

அந்த உயரத்துக்கே வருகிறேன். வயிறு தரையைப் பார்க்க விழுகிறவர் முழு வேகத்தில் 1,000 அடியை ஐந்தரை விநாடியில் கடக்கிறார். விஜயநாராயணத்தில் கடற்படையின் அலைபரப்பிக் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் மிக உயரமானது 471 மீட்டர், அதாவது 1,500 அடிக்குச் சற்று மேல். அவ்வழியே போகும்போது உச்சியில் கண்ணை வைத்து எட்டு வரை எண்ணிப் பாருங்கள். அந்த உயரம் தீர அவ்வளவு நேரம்தான். 13,000 அடியில் குதிக்கும் மாணவர் பாராசூட்டைத் திறக்க வேண்டிய 5,500 அடிக்கு வர முக்கால் நிமிடம் ஆகும். திறந்தது சரியில்லை என்றால் 2,500 அடிக்குள் முடிவெடுத்து, அதே பையில் இருக்கும் மாற்றுப் பாராசூட்டுக்குப் போயாக வேண்டும்.

கையில் கட்டும் ஆல்டிமீட்டர் காற்றழுத்தத்தை உயரமாகக் காட்டும் கருவி. நீங்கள் எங்கே பூஜ்ஜியம் வைத்தீர்களோ அங்கிருந்துதான் கணக்கு. முள் வைத்த ஆல்டிமீட்டர் கிடைத்தால் மணிமுத்தாறு அணையருகே பூஜ்ஜியம் வைத்து, மாஞ்சோலை பஸ்ஸில் ஏறுங்கள். மேலே போவதற்குள் முள் நன்றாக ஏறியிருக்கும். அங்கே மறுபடி பூஜ்ஜியம் வைத்தால் அதுவே தரை என்று நம்பிவிடும். அதனால் இறங்கப்போகும் தரையைக் குறித்தே, ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் பூஜ்ஜியத்தைச் சரிபார்க்க வேண்டும். இன்னொன்று: பல முள் கருவிகளில் ஒரு முழுச் சுற்று 12,000 அடி. 13,000 அடியில் கதவருகே நிற்கும்போது முள் 1,000 என்ற இடத்தில் இருக்கும். பதற வேண்டாம்.

பார்க்கும் விதத்தையும் பழக வேண்டும். கையை முகத்துக்குக் கொண்டுவந்தால் உடம்பு திரும்பிவிடும். கை இருந்த இடத்தில் இருக்க, தலையும் கண்ணும் போக வேண்டும். வீட்டுத் தரையில் குப்புறப் படுத்து, ஐந்து விநாடிக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள். மல்லாந்து விழும்போது கருவி உடம்புக்கு மேலே கலங்கும் காற்றில் சிக்கி, 1,000 அடி வரை தவறாகக் காட்டக்கூடும். முள் அசையாமல் நின்றாலோ, உயரம் புரியாமல் போனாலோ, யோசிக்காமல் பாராசூட்டைத் திறந்துவிடுங்கள்.

ஹெல்மெட்டுக்குள் காதருகே வைக்கும் ஒலிக்கருவி ஒன்று உண்டு. குறித்த உயரங்களில் கூவும். ஹெல்மெட் வாங்கும்போது அதற்கான பை காதோடு ஒட்டி இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். தளர்ந்த ஹெல்மெட்டில் ஒலி காதை விட்டு விலகி, காற்றிரைச்சலில் கரைந்துபோகும். இது கண்ணுக்குத் துணை, அவ்வளவுதான். தொடக்க மாணவருக்கு இதைத் தராத பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், நானும் அந்தக் கட்சி. ஒலிக்காகக் காத்திருக்கப் பழகியவர், பேட்டரி தீர்ந்த அன்றும் காத்திருப்பார். தானாக மாற்றுப் பாராசூட்டைத் திறக்கும் கருவியை நம்பியும் இருக்க வேண்டாம். பொதுவாக 750 அடி வாக்கில்தான் அது வேலை செய்யும், விஜயநாராயணக் கோபுரத்தில் பாதி.

பயிற்சிக்கு ஹரியானாவின் நார்னோலுக்குப் போனாலும் துபாய்க்கு வந்தாலும், முதல் நாளே கடைக்கு ஓட வேண்டாம். தொடக்க ஹெல்மெட்டையும் ஆல்டிமீட்டரையும் பயிற்சி மையமே தரும். இரண்டு மூன்று வகைகளை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்த பிறகு பணத்தைச் செலவழியுங்கள். பழையது விலைக்கு வந்தால் உள்மெத்தையை வெளியே எடுத்து, ஓட்டின் உட்புறத்தில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.